கூரையைக் கேட்டு வந்தவர்

திருவனந்தபுரத்தில் நான் நாலாம் ஃபாரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "சீனப் பல்லு டாக்டருடெ மோளாணோ?"

கிழக்கே கோட்டைப் பக்கம் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். கடை முகப்பில் பெரிய பல்வரிசை ஒன்றை வரைந்து மாட்டியிருப்பார். அவருக்குப் பிள்ளைகளே கிடையாது. ஆனாலும் என் முகத்தை அவரோடு சேர்த்துவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு "அல்ல" என்பேன். "பின்னே ஆருடெ மோளா?" என்பார்கள். கணக்கப்பிள்ளையின் மகள் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் பெரும்பாலும் பதில் சொல்லாமல் நடந்துவிடுவேன்.

ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. மிளகும் சுக்கும் மொத்தமாக வாங்கி விற்கிற கடை ஒன்றில் அப்பா கணக்கு எழுதினார். அப்பாவும் அம்மாவும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். நல்ல கறுப்பு, உயரம், எடுப்பான மூக்கு. அவர்களுக்கு நடுவில் நான் சப்பை மூக்கும் இடுங்கிய கண்ணும் வெளுத்த தோலுமாக, பாவாடை தாவணி கட்டி, இரட்டைச் சடை போட்டு, சாந்துப் பொட்டு வைத்துக்கொண்டு போவேன். வீட்டில் நாஞ்சில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். சீனத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது.

நான் பிறந்தது பினாங்கில், ஒரு சீன முதலாளியின் வீட்டில். பிறந்த மாதமே என்னைத் தூக்கி இந்த அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் இது அதிசயமில்லை. சீனர்கள் பெண் குழந்தையைக் கொடுப்பதும் தமிழர்கள் வாங்கி வளர்ப்பதும் அங்கே நடக்கிற காரியம். பிறகு நாங்கள் குடியிருந்த தெருவிலேயே என்னைப்போல வேறு பெண்கள் இருந்தார்கள். காதில் தோடு போட்டு, கோயிலில் மாவிளக்கு எடுத்து, தமிழில் சண்டை போடுவோம். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. யுத்தம் முடிந்து, நாற்பத்தேழில் கப்பலேறி இங்கே வந்த பிறகுதான் என் முகம் வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று தெரிந்துகொண்டேன்.

வந்த புதிதில் அம்மா என்னை ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் நின்ற காவல்காரர் கையை நீட்டி என்னை மட்டும் தடுத்தார்.

"இந்தக் குட்டி ஏதா?"

"எனக்க பிள்ளையாக்கும்" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அம்மாவைப் பார்த்து, வேறு விதமாகச் சிரித்தார். பின்னால் நின்ற பெண்களும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். ஆனால் அம்மா அன்று சாமியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கச் சில வருஷங்கள் ஆயின. விளங்கியபோது, என் முகத்தால் அவளுக்கு எப்படிப்பட்ட பெயர் வந்திருக்கிறது என்று உடம்பெல்லாம் கூசியது. அதன் பிறகு அம்மா கோயிலுக்குத் தனியாகவே போய்வந்தாள். என்னையும் கூட்டிப்போ என்று நானும் கேட்கவில்லை.

இந்த ஊரில் எனக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்ததென்றால், அது நான் பிறந்த அந்த வீடுதான். அதைப் பற்றி எனக்கு எந்த ஞாபகமும் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எனக்கு மூன்று வயது. அன்றே அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தீவை விட்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார், அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. எனக்குத் தெரிந்த வீடு அப்பா சொன்ன வீடு.

அப்பா அங்கே கிராணி. மலாய் நாட்டில் குமாஸ்தாவை அப்படித்தான் சொல்வார்கள். பெரிய வீட்டுக்குப் பின்னால் வேலையாட்களுக்கென்று கட்டிய வரிசையில் ஓர் அறையில் அவரும் அம்மாவும் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்காரும்போது அப்பாவுக்கு அந்த வீடு நினைவுக்கு வந்துவிடும்.

"ரோட்டுல நின்னு பாத்தா வீடு தெரியாது மக்களே. கூரைதான் தெரியும். ரெண்டு கோடியும் தோணிக்க மூக்கு மாதிரி வளைஞ்சு மேல நிக்கும். அதுக்கு மேல பாம்பு உடம்பும் சிங்க மூஞ்சியுமா ரெண்டு டிராகன். பூ, பட்சி, குதிரை மேல வீரன்மாரு. எல்லாம் பிஞ்ஞாணச் சில்லு."

அப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் முதலாளி அந்தக் கூரையைப் புதுப்பித்தாராம். அதற்காகச் சீனாவிலிருந்தே வேலைக்காரர்கள் கப்பலில் வந்தார்கள். கூடவே கூடைகூடையாகப் பீங்கான் கிண்ணங்கள் வந்தன. பச்சை, மஞ்சள், கருநீலம். வைக்கோலுக்குள் அடுக்கிய புத்தம்புதுக் கிண்ணங்கள். "சாப்பிடதுக்கு உள்ள கிண்ணம் இல்ல, கேட்டியா. உடைக்கதுக்குன்னே சுட்டது." ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாக்கு வெட்டுவது போலக் கிடுக்கியால் கிண்ணத்தைத் துண்டு துண்டாக நறுக்குவார். கிண்ணத்தின் வளைவு இதழின் வளைவாகிவிடும். விளிம்பு, இறகின் நுனியாகும். அடிப்பகுதி டிராகனின் செதிள். சுண்ணாம்பில் சர்க்கரைப் பாகும் கூழாக ஊறிய காகிதமும் சேர்த்து இடித்த சாந்தில் ஒவ்வொன்றாக ஊன்றுவார்கள். சாமான் சரியாக வந்ததா என்று பார்க்கிற வேலை அப்பாவுக்கு. தினமும் சாரத்தில் ஏறி இறங்குவாராம்.

வீட்டுக்குள்ளே, நம் ஊர் நாலுகெட்டைப் போல நடுவில் திறந்த முற்றம். சுற்றிலும் கதவுகள். ஒவ்வொரு கதவிலும் மேல்பாதி பூவேலை, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு நுணுக்கமாகக் குடைந்து எடுத்தது. அதன்மேல் தங்கத் தாள். அந்தத் தாளை ஒட்டும்போது ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிடுவார்கள், மூச்சு விட்டால்கூடப் பறந்துவிடும் என்று.

அப்பா இதைத் தொடங்கியதுமே அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவாள். ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. என்னைப் பெற்ற வீடு என்பதால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை ஏன் கொடுத்தார்கள் என்றும் அப்பா ஒளிக்கவில்லை. சீனக் கணக்கில் நான் புலி வருஷத்தில் பிறந்தவள். அந்த வருஷத்துப் பெண் வீட்டில் இருந்தால் தகப்பனுக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்கள். கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு அது அவ்வளவுதான் என்று இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கண்ணை விரலால் இழுத்துக் காட்டிச் சிரிக்கும்போது, நான் மனதுக்குள் அந்தக் கதவுகளைத் திறந்துகொண்டு போவேன். நான் யார் வீட்டுப் பெண் என்று இவர்களுக்குத் தெரியாது என்று எண்ணிக்கொள்வேன். என்றாவது ஒருநாள் அந்த வீட்டிலிருந்து யாராவது என்னைத் தேடி வருவார்கள் என்றும் நினைத்தேன். வீட்டில் படுத்துக்கொண்டு நான் இப்படி நினைக்கும்போதெல்லாம், பக்கத்து அறையில் அம்மா எனக்குச் சட்டை தைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பதினைந்து வயதானபோது ஒரு தந்தி வந்தது. முதலாளியின் இரண்டாவது மகன் வியாபார விஷயமாக ஆலப்புழைக்கு வருகிறார், வழியில் திருவனந்தபுரத்தில் இறங்கிக் கிராணியைப் பார்க்க வேண்டும்.

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "பிள்ளைய கூட்டிட்டுப் போகத்தான் வருகான்."

"இத்தனை வருஷம் கழிச்சா? சும்மா பேசாத" என்றார் அப்பா. ஆனால் அவர் குரலிலும் உறுதி இல்லை.

"அப்படின்னா அவன் எதுக்கு இந்தச் சந்துக்குள்ள வரணும்? இஞ்ச பாருங்க, நமக்க பிள்ளை யுத்தத்துல செத்துப் போச்சுன்னு சொல்லிருங்க."

"அப்ப இவளைக் கண்டா?"

அம்மா என் பக்கம் திரும்பி, "கேட்டா, நீ பல்லு வைத்தியருக்க மவ. ஒத்தாசைக்கு வந்து நிக்கே. வேற ஒண்ணும் பேசாண்டாம்" என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அவர் வந்த அன்று, தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பட்டுப் பாவாடையை உடுத்திக்கொண்டேன். அம்மா பார்த்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக் கால்சட்டை, மூக்குக்கண்ணாடி. சந்துச் சேறு கால்சட்டையின் ஓரத்தில் தெறித்திருந்தது. கடையிலிருந்து இரவல் வாங்கிப் போட்ட நாற்காலியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். அவர் மூக்கு என் மூக்கு. காதுகூட என் காதுதான். அப்படி ஒரு முகத்தை நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்ததில்லை.

அவரும் அப்பாவும் மலாயில் பேசினார்கள். எனக்குப் பாதி மறந்திருந்தாலும் கேட்டால் புரியும். நான் காப்பியைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. எதிர்பாராத இடத்தில் சொந்த ஊர்க்காரரைக் கண்ட மலர்ச்சி. என்னிடம் சீனத்தில் ஏதோ கேட்டார்.

நான் டம்ளரைப் பிடித்தபடி நின்றேன்.

மறுபடியும் மெதுவாகக் கேட்டார். குழந்தையிடம் கேட்பது போல. என் காது எரிந்தது. ஒரு சொல்லாவது சொல்லிவிடமாட்டோமா என்று நாக்கு துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. மலாயில். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவள் அந்த மொழியைப் பேசி நான் கேட்டதே இல்லை. "அவள் பல் வைத்தியர் மகள்."

"அப்படியா? எந்த ஊர்ச் சீனர்?" அவர் அப்பாவைப் பார்த்தார். "இந்தப் பெண் ஏன் பேசவில்லை? ஊமையா?"

கேலியாகக் கேட்கவில்லை. இரக்கத்தோடு கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அப்பாவாலும் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஊமை இல்லை, சின்ன முதலாளி. இது உங்கள் தங்கை."

அம்மாவின் வளையல் கதவில் இடித்த சத்தம் கேட்டது. அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷமாக மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சி இதுதான். இனி அவர் எழுந்து வருவார்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "அம்மா இரண்டு பேரைக் கொடுத்தார்கள். இது எது?"

அப்பாதான் பதில் சொன்னார். "புலி வருஷத்துப் பிள்ளை."

"ஓ, சின்னது." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். "நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்" என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு தோல் பையைத் திறந்து, ஓர் உறையிலிருந்து புகைப்படங்களை எடுத்து விரித்தார்.

அவர் கூரைக்காக வந்திருந்தார். குண்டு விழுந்ததில் முகட்டு வேலை பாதிக்கு மேல் நொறுங்கிவிட்டது. முதலாளியும் காலமாகிவிட்டார். பழையபடியே கட்ட வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது, ஆனால் எந்த இடத்தில் என்ன உருவம் இருந்தது என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தவர்கள்தான் எல்லாரும். பக்கத்தில் போய்ப் பார்த்தவர் கிராணி ஒருவர்தான் இன்று உயிரோடிருக்கிறார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நடுவில் நெருப்பு விடும் முத்து. அதற்கு இரண்டு பக்கமும் டிராகன். வலது கோடியில் பெரிய செம்பூக்களுக்கு நடுவே நீண்ட வாலுள்ள பறவை, வால் கருநீலம். கீழ் வரிசையில் குதிரை வீரர்கள். அவர் சொல்லச் சொல்ல வந்தவர் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டார். இடது கோடி வந்ததும் அப்பா சற்றே நின்றார். பிறகு, "மான். ஒரு மானும் மரமும்" என்றார்.

நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. பட்டுப் பாவாடை உடம்பில் கனத்தது. அப்போதாவது உள்ளே போயிருக்கலாம். போகாமல், எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் கேட்டேன். "அந்த வீட்டை நான் வந்து பார்க்கலாமா?"

அவர் தலை நிமிர்ந்தார். "வீடு முழுக்கச் சாரம் கட்டியிருக்கிறது. முடியட்டும், பார்க்கலாம்" என்றார். கடன் கேட்பவரிடம் மிளகுக் கடை முதலாளி பேசுகிற அதே மரியாதையான குரல்.

அப்போது அம்மா வெளியே வந்தாள். கையில் தட்டு. அவனுக்கு இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் கிடையாது என்று தந்தி வந்த அன்று சொன்னவள், நேந்திரங்காய் வறுத்து வைத்திருந்திருக்கிறாள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மலாயில் கேட்டாள். "உங்க அம்மா சுகமா இருக்காங்களா?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னைப் பெற்றவள் இறந்த சேதி அது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரித்துக் கிடந்த படங்களில் முற்றத்துக் கதவு இருக்கிறதா என்றுதான் என் கண் தேடிக்கொண்டிருந்தது.

"மற்றக் குழந்தை?" என்று கேட்டார் அப்பா.

"தோட்டத்துப் பக்கம் யாரோ தமிழர்கள் வாங்கினார்கள். யுத்தத்துக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை."

அவர் இரண்டு வறுவலை எடுத்துத் தின்றார். படங்களை உறைக்குள் வைத்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தூறலில் குடையை விரித்துச் சந்து திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க அவருக்கு என்ன இருந்தது? ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், "பட்டெல்லாம் உடுத்தியல்லோ நிக்குந்நு" என்று சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு வந்த நாட்களில் என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு மலாய் தெரியும். நான் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் அவளுக்கு முழுக்கப் புரிந்திருக்கிறது. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், முடிந்திருக்கும். அவள் திட்டவில்லை. வழக்கம்போலச் சோறு போட்டாள். தேடி வருவார்கள் என்று நான் காத்திருந்த வீட்டில், நான் எந்தப் பிள்ளை என்பதற்கே அடையாளம் கேட்கிறார்கள். அந்த வீட்டுக்காகவா இவளை விட்டுப் போக ஒரு காலை எடுத்து வைத்தேன்?

அப்பாவும் சரியாக இல்லை. ஒருநாள் கடைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "இடது கோடியில என்ன இருந்துதுன்னு எனக்கு ஓர்மை இல்ல மக்களே. மானுன்னு சும்மா சொன்னேன். அவ்வளவு தூரம் என்னை நம்பி வந்தவன்கிட்ட தெரியாதுன்னு சொல்ல நாணமா இருந்துது." அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அம்மா பேசினது அந்த மாதக் கடைசியில். மத்தியானம் பின்வாசலில் உட்கார்ந்து, முறத்தில் பலாக்கொட்டையைப் பரப்பி, அந்தச் சக்கைக்குருவின் தோலைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் துணி எடுக்க வந்தேன்.

"ஏட்டி, இஞ்ச இரி" என்றாள். உட்கார்ந்தேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"அந்த வீட்டுக்க உள்ள நான் போனதில்ல. அத்தனை வருஷம் பொறத்தால கெடந்தேன், ஒருநாளும் உள்ள கால் வச்சதில்ல. கூரையத்தான் பாத்திருக்கேன். உங்க அப்பா சொல்லுத கதவும் தங்கமும் எனக்குத் தெரியாது."

மடியில் விழுந்த தோலைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.

"உன்னைத் தந்தது அடுக்களை வாசல்ல வச்சு. அவ வரல்ல. சமையக்காரிதான் துணியில சுத்திக் கொண்டுவந்தா. மேல மாடியில அவ கரையுத சத்தம் கேட்டுது. நல்லாக் கேட்டுது. பெத்த வயிறுல்லா. எனக்கு அதுவரைக்கும் ரெண்டு பிள்ளை தங்காமப் போயிருந்துது." அவள் ஒரு குருவை எடுத்து வெகுநேரம் சுரண்டினாள். "அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே, அவ மனசு மாறி இறங்கி வாறதுக்குள்ள போயிரணும்னு ஓடினேன் மக்களே. சிரிச்சுக்கிட்டு ஓடினேன். அவளைப் பத்தி ஒரு நிமிஷம் நெனக்கல்ல. உங்க அப்பா அந்த வீட்டுக் கதையை எடுத்தா எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும். அதாக்கும் எழும்பிப் போறது. அவன் வாறான்னதும் உன்னை ஒளிக்கப் பாத்தது அதுக்குத்தான். எங்க அம்மை எப்படி அழுதா தெரியுமான்னு அவன் கேட்டிருவானோன்னு பயந்தேன். அவனுக்கு ஒண்ணும் தெரியல்ல. அவளும் போயிட்டா. இனி யாருட்ட போய்ச் சொல்ல?"

அவள் முகத்தை நான் அப்போதுதான் நேராகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் குனிந்த தலையை நான் அதுவரை கண்டதில்லை. என் வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் அலைந்த நான், அங்கே அவளுடையதைக் கண்டேன். பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? மாடியில் அழுதவளுக்காக நானும்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"அழுதாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரொம்ப" என்றாள் அம்மா.

நான் முறத்தை என் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன். அவள் இன்னொரு கத்தியை எடுத்து, பிடிப்பக்கம் என் கைக்கு வரும்படி திருப்பி நீட்டினாள். வெயில் சாயும்வரை இரண்டு பேரும் தோல் சுரண்டினோம்.